குவாக் தோக்மான் குணமான கதை

குவாக் தோக்மான் தம் வாழ்நாளில் உருப்படியாக முடித்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது என்பது அவருடைய மனைவி இன்சுக்கின் தீர்ப்பு. தீர்ப்பை மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிற ஆளும் இல்லை அவள். ஜெச்சன் சந்தைத் தெருவில் அவள் நடத்தும் பன்றிக்குடல் சூப்புக்கடைக்கு வந்து போகிற அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். கல்யாணமான புதிதில் தேனீ வளர்த்தார். அவர் பேச்சைக் கேட்கப் பொறுக்காமல் தேனீக்கள் கூண்டோடு ஓடிவிட்டன என்பாள். பிறகு காசு கொடுத்து மைக்கில் பாடிவிட்டுப் போகும் பாட்டுக்கூடம் வைத்தார். அதில் அவர் ஒருவர்தான் பாடினார். கடைசியில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை கிடைத்து, ஆச்சரியமாக அங்கேயே ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தரை நாள் முழுக்க அதட்டலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்றால் அந்த மனுஷன் ஏன் விடப்போகிறார்?

அப்படிப்பட்டவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. தலைநகரம் சோலில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் கடைக்கதவைச் சாத்திவிட்டு இன்சுக்தான் ரயிலில் கூட்டிப் போனாள். திரும்பி வரும்போது அவர் வாந்தி எடுக்க, இவள் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மருந்து ஏறினால் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும். தண்ணீர்க் குழாயைக்கூட அவருக்காக இவள்தான் திறந்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் செய்தாள், ஆனால் ஒரு நாளும் செய்யாமல் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில் கூட்டாளி ஒருவன் மல்பெரி மரத்தில் முளைக்கும் மஞ்சள் காளான் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தான். அதைக் கொதிக்க வைத்துக் காலையும் மாலையும் குடித்தார். ஐந்து வருஷம் ஓடியது. நோய் தலைகாட்டவில்லை. இந்த ஊரில் ஐந்து வருஷம் தாண்டினால் பட்டம் வாங்கியாயிற்று என்பார்கள். பட்டம் வாங்கியவர் சும்மா இருப்பாரா? பள்ளியில் அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நாற்சந்தியில் பேனர் கட்டினார்கள். அரசாங்கப் பரீட்சையில் தேறிய யார் வீட்டுப் பையனையோ வாழ்த்திய பேனருக்கும், அடுக்குமாடி கட்டாதே என்று மிரட்டிய பேனருக்கும் நடுவில், ‘வாழ்த்துகள்! புற்றுநோயை வென்றார் குவாக் தோக்மான்!’ என்று காற்றில் ஆடியது. சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக் தெரு முழுக்கப் பங்கிட்டார்கள். பங்கிட்டபோது அவர் பேசிய பேச்சில் குடலை வெட்டிய டாக்டர் வரவில்லை, மருந்து வரவில்லை, பை பிடித்தவள் வரவே இல்லை. காளான் மட்டும்தான் வந்தது.

“வாயாலயே வடை சுட்டுட்டாருய்யா மனுஷன்” என்றாள் இன்சுக், கேட்டவர்களிடமெல்லாம்.

ஆனால் அந்த வடையைத் தின்ன ஆள் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு விடுமுறை. அன்றைக்கு அதே கடையில், அவள் தேய்த்துத் துடைத்த மேஜைகளில், நோயாளிகள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். குளியல் கூடம் வைத்திருக்கும் பியோன் முதல் ஆள். அவருக்கு ஈரலில் கோளாறு. அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். எல்லாரும் தோக்மானை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டார்கள். அவர் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கார் பள்ளியில் பேசிய அதே தொனியில், உடம்பை எப்படி ஓட்டுவது என்று வகுப்பு எடுத்தார். ஆஸ்பத்திரி மருந்து விஷம் என்றார். விஷத்தை நிறுத்தினால்தான் உடம்பு தானே சரியாகும் என்றார். தாம் ஒரு தடவைகூட நிறுத்தாமல் அத்தனை விஷத்தையும் ஏற்றிக்கொண்டதை மட்டும் விழுங்கிவிட்டார். பெரிய அண்டாவில் மஞ்சள் கஷாயம் கொதித்தது. அண்டா இன்சுக்குடையது, கேஸ் இன்சுக்குடையது.

அவர் தங்கை பொக்ஹீயும் அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்ததுதான் வினை. பொக்ஹீ யொங்வொல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. நல்ல உழைப்பாளி, ஆனால் அண்ணன் சொன்னால் கிழக்கே சூரியன் அஸ்தமிக்கிறது என்றாலும் தலையாட்டுவாள். இலையுதிர் காலத்தில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தாயிற்று, இனிமேல் கொஞ்ச காலம் மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை என்று டாக்டர் சொன்னார். மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். அவள் தள்ளிப்போட்டாள். அண்ணன் காளான் குடிக்கச் சொன்னார், குடித்தாள். இன்சுக் போனில் கத்தினாள். அவள், “சரி அண்ணி, பாக்கறேன் அண்ணி” என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

டிசம்பர் பிறந்த பிறகு ஒரு நாள், மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம், கடைப் போன் அடித்தது. சோல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல்.

“குவாக் தோக்மானோட வீட்டுக்காரங்களா? அவரு ரெண்டு தடவையா வராமலே இருக்காரே. அடுத்த தடவை நீங்களும் கூட வந்தா நல்லது. டாக்டர் பேசணுங்கறாங்க.”

கூட ஆள் வரச் சொல்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த நாட்டில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்சுக் போனை வைத்தாள். பாத்திரத்தில் கிடந்த குடலைக் கழுவி முடித்தாள். அப்புறம் உள் அறைக்குப் போய், டிவி பார்த்துக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு முன்னால் நின்றாள்.

“என்னிக்குத் தெரியும் ஒங்களுக்கு?”

“என்ன தெரியும்?”

“பட்டம் வாங்கின ஐயாவுக்கு மறுபடி பரீட்சை வெச்சிருக்காங்களாமே, அது.”

தோக்மான் ரிமோட்டை எடுத்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார். அதுதான் அவர் பதில்.

சோலில் இருவரையும் உட்காரவைத்துப் பேசிய டாக்டர் பாங் சின்ன வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். வெளியே நோயாளிகள் வரிசையில் காத்திருந்ததால் பேச்சை நீட்டவில்லை. ஈரலில் இரண்டு இடத்தில் கட்டி இருக்கிறது, குடலில் இருந்த அதே நோய்தான் என்று படத்தைத் திருப்பிக் காட்டினாள். சின்ன வயசாக இருந்தாலும் தயங்காமல் சொன்னது இன்சுக்குக்குப் பிடித்திருந்தது.

“அஞ்சு வருஷம் ஆச்சே டாக்டர்” என்றாள் இன்சுக். “போயிடுச்சுன்னு சொன்னீங்களே.”

“அஞ்சு வருஷம்ங்கறது நாங்க வெச்ச கணக்குமா. பெரும்பாலானவங்களுக்கு அதுக்கப்புறம் வர்றதில்ல. வரவே வராதுன்னு அர்த்தம் இல்ல.”

“வெட்டி எடுத்தீங்க, அத்தனை மருந்து ஏத்தினீங்க. அப்புறம் எங்கேந்து முளைச்சுது?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். “மருந்து எதைக் கொல்லும்னா, பரபரன்னு பெருகிட்டே இருக்கற செல்லைத்தான். கட்டியில முக்காவாசி அந்த ரகம். ஆனா கூடவே கொஞ்சமே கொஞ்சம் வேற ரகம் இருக்கும். ஸ்டெம் செல்லுன்னு சொல்வோம், தாய்ச் செல்லுன்னு வெச்சுக்கோங்க. அது பெருகாது, அசையாது, சும்மா தூங்கும். மருந்து உள்ள போனாலும் வெளிய துப்பிடும். கட்டிய வெட்டறதுக்கு முன்னாடியே அதுல ஒண்ணு ரெண்டு ரத்தத்தோட போயி எங்கியாவது படுத்திருக்கும். என்னிக்கோ ஒரு நாள் முழிச்சுட்டு, மறுபடி ஒரு முழுக் கட்டியையும் பெத்துப் போடும். எல்லாப் புத்துநோயும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா ஒங்க வீட்டுக்காரர் விஷயத்துல இப்படித்தான் நடந்திருக்கும்னு தோணுது.”

இன்சுக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க என்ன வேலைமா?” என்று கேட்டாள்.

“சூப்புக்கடை.”

“அப்போ கரப்பான் பூச்சிய எடுத்துக்கோங்க…”

“என் கடையில கரப்பான் கிடையாது!”

“சரி, பக்கத்துக் கடையில.”

“அவன் கடையில நெறைய.”

“மருந்து வெச்சா இரை தேடி வெளிய ஓடறதெல்லாம் செத்துடும். தரை சுத்தமாயிடும். செவுத்து இடுக்குல ஒட்டிக்கிட்டிருக்கற முட்டைய அது என்ன பண்ணும்? அந்த மாதிரிதான்.”

தோக்மான் அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தார். “அப்போ அஞ்சு வருஷம் அத அடக்கி வெச்சது காளான்தானே?”

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை இன்சுக் மனசாரப் பாராட்டினாள். இவ்வளவு நாளும் தான் ஒருத்திதான் அந்த மாதிரிப் பார்க்கிறவள் என்று நினைத்திருந்தாள்.

“ஐயா, அஞ்சு வருஷம் கெடைச்சது வெட்டினதாலயும் மருந்தாலயும். ஈரல்ல ரெண்டு எடம்தான், இன்னும் வழியிருக்கு. முதல்லயே நீங்க வந்திருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும்.”

இன்சுக் எழுந்திருக்கவில்லை. “இன்னொண்ணு கேக்கணும். இவரு தங்கச்சிக்கு மார்புல வெட்டி எடுத்திருக்கு. மருந்து வேணாம்னு உக்காந்திருக்கா. அவளுக்கு என்ன ஆகும்?”

“நான் அவங்கள பாக்கல, ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுங்க. வெட்டின எடத்துக்கு வெளிய என்ன மிச்சம் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு கொறைக்கறமோ அவ்வளவுக்கு அது திரும்பி வர்ற வாய்ப்பு கொறையும். நெறைய பேருக்கு வர்றதே இல்ல. நாள் போகப் போகப் பலன் கொறைஞ்சுட்டே போகும்.”

ரயிலில் திரும்பும்போது தோக்மான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாங்பியொங் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

“ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்.”

“பொக்ஹீகிட்ட?”

“அவகிட்டயும்தான். பியோனுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும். அத்தன பேரு என்னை நம்பி உக்காந்திருக்காங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு…”

“மூஞ்சியா! ஒங்க மூஞ்சிய எவன் பாக்கறான்? அவ உசுரு போகுதுங்க!”

“கேட்டியே, டாக்டரே சொன்னாளே, மருந்து அந்தத் தாய்ச் செல்லக் கொல்லாதுன்னு. அப்புறம் பொக்ஹீ எதுக்கு அந்த அவஸ்தைய படணும்?”

இன்சுக் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறாள், இந்த மனுஷன் புத்தி இவ்வளவு தூரம் வளையும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

“முட்டை தப்பிக்கும்னு தெரிஞ்சு, ஓடற பூச்சியெல்லாம் இருக்கட்டும்னு விட்டு வெப்பாங்களா? அஞ்சு வருஷம் உசுரோட இருந்தீங்கல்ல? வெக்கமா இல்ல ஒங்களுக்கு? அவளுக்கு அந்த அஞ்சு வருஷமும் வேணாமா? அதுக்கு மேலயும் அவளுக்குக் கெடைக்குமே!”

எதிர்வரிசையில் இருந்த ராணுவப் பையன் காதில் மாட்டியிருந்ததை இன்னும் அழுத்திக்கொண்டான். தோக்மான் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டமும் வந்தது. பொக்ஹீ யொங்வொல்லிலிருந்து பஸ்ஸில் வந்து, கன்னம் குளிரில் சிவந்திருக்க, கதவோரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். இன்சுக் அடுப்பங்கரையிலேயே நின்றாள். அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மனுஷன் சொல்லிவிடுவார் என்று அவளுக்குள் ஒரு மூலையில் அசட்டு நம்பிக்கை இருந்தது. அதற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

தோக்மான் தொண்டையைச் செருமினார். “போன வாரம் சோலுக்குப் போயிருந்தேன்” என்று ஆரம்பித்தார். இன்சுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “டாக்டரே அசந்துட்டாங்க. ஒங்க வயசுல இப்படி ஒரு உடம்பான்னு கேட்டாங்க. காளான் எங்க கெடைக்கும்னு ரகசியமா எழுதி வாங்கிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பியோன் தொடையில் அடித்துக்கொண்டு, “நம்ம வாத்தியாருன்னா சும்மாவா!” என்றார்.

அவ்வளவுதான். இன்சுக் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள்.

“பொய்! அத்தனையும் கப்சா! இவருக்குத் திரும்ப வந்துடுச்சு. ஈரல்ல ரெண்டு எடத்துல கட்டி. நான் கூடவே உக்காந்து என் கண்ணால பாத்தேன். பொக்ஹீ, கப்ப கீழ வை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.”

பியோன் மெதுவாகச் சிரித்தார். “என்னக்கா, காலங்காத்தாலயே வாத்தியாரோட சண்டையா?” மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி, “தேனீ ஓடிப்போன கதையும் நீங்கதானே சொன்னீங்க” என்றாள். அதற்கும் சிரித்தார்கள். தோக்மான் தலையைக் குனிந்து, பொறுமைசாலிப் புருஷன் மாதிரி, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த நடிப்பு வேறு!

பொக்ஹீ மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணி, எங்கண்ணன் செத்துடும்னுகூட நீங்க சொல்லுவீங்க. நான் கல்யாணத்தன்னிலேந்து கேக்கறேன். ஒரு நாளாவது அவரப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்களா? நான் எப்படி நம்புவேன்?”

பொக்ஹீ சொன்னது உண்மைதான். ஊர் முழுக்கத் தினம் தினம் அவரைக் கிழித்துக் கிழித்து, உண்மையைச் சொல்ல வேண்டிய இந்த ஒரு நாளில் தன் வார்த்தைக்கு மதிப்பே இல்லாமல் செய்துகொண்டவள் இன்சுக்கேதான். அவர் பொய் சொன்னால் நம்புகிறார்கள், இவள் உண்மையைச் சொன்னால் வழக்கமான வசவு என்கிறார்கள். அவர் மேலும் எரிச்சல், இந்த முட்டாள் கூட்டத்தின் மேலும் எரிச்சல், தன் நாக்கின் மேல் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

பொக்ஹீ கப்பை எடுத்தாள்.

இன்சுக் தரையில் மண்டியிட்டாள். மாமியார் காலத்தில்கூட யாருக்கும் வளையாத முழங்கால் அது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டு, புருஷனைப் பார்த்து, அத்தனை பேருக்கும் முன்னால் கெஞ்சினாள்.

“இன்னிலேந்து ஒங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க சொன்னாத்தான் நம்புவா. ஒங்களக் கும்புடறேன், சொல்லிடுங்க.”

தோக்மான் சிரிக்க முயன்றார். “பாருங்கப்பா, எம் பொண்டாட்டி இன்னிக்கு…” என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார். பொக்ஹீ கப்பை உதட்டில் வைத்துவிட்டிருந்தாள், கண் மட்டும் அவர் மேல் இருந்தது.

“பொக்ஹீ” என்றார். “அத வை.”

“ஏன்?”

“குடிக்காத. அண்ணி சொல்றது நெசம். எனக்குத் திரும்ப வந்துடுச்சு.”

இதை யாராவது வீரம் என்று சொன்னால் இன்சுக் கரண்டியாலேயே போடுவாள். எட்டு வயசுப் பையன் கண்ணாடி ஜன்னலை உடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்வானே, அவ்வளவுதான் அது. அதற்கே அந்த மனுஷனுக்கு வேர்த்து வழிந்தது.

பியோன்தான் முதலில் பேசினார். “வாத்தியாரே… ஒருவேள கஷாயத்த ரொம்பத் தண்ணியா காய்ச்சிட்டீங்களோ?” இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி தன் கப்பில் இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, வீணாக்குவானேன் என்று குடித்துவிட்டாள். இப்படிப்பட்ட ஜென்மங்களை என்ன செய்வது?

பொக்ஹீ அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. “ஒனக்கு எப்பத் தெரியும்?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“சூசோக் அறுவடைப் பண்டிகை கழிஞ்சதும்.”

“அதுக்கப்புறம்தானே எனக்கு ஆபரேஷன் நடந்தது?”

“ஆமா.”

“கிம்ச்சி போட நாங்க கோசுக்கு உப்புத் தடவிட்டிருக்கும்போது எங்க வீட்டுக்கு வந்தியே. காளான் மூட்டைய தோள்ல தூக்கிட்டு. மருந்து வேணாம், என்னப் பாருன்னு என் கைய எடுத்து ஒன் வயித்து மேல வெச்சியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?”

தோக்மான் தலையைத் தூக்கவில்லை. “தெரியும்” என்றார்.

பொக்ஹீ அழவில்லை, அடிக்கவும் இல்லை. கப்பை மேஜையில் வைத்தாள். எழுந்து வந்து, இன்னும் தரையில் மண்டியிட்டிருந்த இன்சுக்கின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“அண்ணி” என்றாள், “இத்தன வருஷமா இவனை நீங்க திட்டினதெல்லாம் பத்தாது.” பிறகு கதவோரம் போய், குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டே, “நாளைக்கு எந்த ரயில்ல போனா சீக்கிரம் போலாம்?” என்று கேட்டாள்.